அந்தக் குரலுக்கு எக்கோ போடாதீங்க

வணக்கம். மனநோய் பத்தி ரேடியோ நாடகம் எப்படிப் போடலாம்னு பேசச் சொன்னாங்க, நேரா விஷயத்துக்கே வந்துடறேன்.

நம்ம தென்னாப்பிரிக்க டர்பன் வீடுகள்ல மனநோய்க்கு வைக்கற பேரே ரெண்டுதான், ஒண்ணு "நெர்வ்ஸ்", இல்லன்னா "யாரோ செஞ்சு வச்சுட்டாங்க". பையன் ரூமை விட்டு வரலைன்னா முதல்ல பிரேயர், அப்புறம் எலுமிச்சம்பழம், அதுக்கும் அப்புறம்தான் கிளினிக். பிரேயர் வேணாம்னு சொல்லல, நானும் காவடி எடுக்கறவன்தான், ரெண்டும் சேந்தே நடக்கலாமே.

நோட்டீஸ் குடுத்தா பக்கத்து வீட்டுக்காரங்க பாத்துடுவாங்கன்னு பயந்து மடிச்சு வச்சிடுவாங்க. ரேடியோ அப்படியில்ல, 1983ல நம்ம இந்திய வம்சாவளிக்காரங்களுக்குன்னு ரேடியோ லோட்டஸ் ஆரம்பிச்சதுலேருந்து நம்ம கிச்சன்லதான் இருக்கு, கறி தாளிச்சுக்கிட்டே கேக்கலாம், எதுக்குக் கேக்கறேன்னு யாரும் கேக்க மாட்டாங்க. மலாவி நாட்டுல பள்ளிப் பசங்களுக்கு டிப்ரஷன் பத்தி ரேடியோ நாடகம் போட்டப்போ கூடவே டீச்சருங்களுக்கும் கிளினிக் ஆளுங்களுக்கும் ட்ரெயினிங் குடுத்தாங்க, கேட்டுட்டு ஒருத்தன் தேடி வந்தா பதில் சொல்ல ஆள் வேணுமில்ல.

இப்ப குரல் விஷயம். ஸ்கிட்சோஃப்ரீனியா, அதான் இல்லாத குரல் கேக்கற மனச்சிதைவு நோய்னா, நாடகத்துல உடனே எக்கோ, பேய்ச் சிரிப்பு. வேணாங்க. நிறைய பேருக்குக் கேக்கறது சாதாரணக் குரல்தான், பக்கத்து வீட்டு ஆன்ட்டி பேசற மாதிரி, "பாரு எந்திரிக்கறான், பாரு தண்ணி குடிக்கறான்"னு கமென்ட்ரி. அதை அப்படியே வெறும் குரலா விடுங்க, ரேடியோ கேக்கறவங்களுக்கும் எது நிஜம்னு ஒரு நிமிஷம் குழம்பட்டும், அப்பத்தான் அந்த நோயுள்ளவன் ஏன் சும்மா இருக்கற ஆன்ட்டிகிட்ட சண்டைக்குப் போறான்னு புரியும்.

கதையில தற்கொலை வந்தா, எப்படிப் பண்ணிக்கிட்டாங்கன்னு சொல்லவே கூடாது, அதுல பேச்சே இல்ல.

ஒரே எபிசோட்ல டாக்டர் வந்து குணமாக்கறதும் வேணாம். டிப்ரஷன் மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆகும், வாராவாரம் வர்ற தொடருக்கு இதைவிட என்ன வேணும்? கேக்கறவங்களும் சேந்து காத்திருக்கட்டும், கொஞ்சம் தெளிஞ்சதும் "எனக்குத்தான் சரியாயிடுச்சே"ன்னு கதையில வர்ற பையனே மாத்திரையை நிறுத்தட்டும், ஆயா, அதான் அவன் பாட்டி, கத்தட்டும், திரும்பவும் படுக்கட்டும்.

ஆஸ்பத்திரின்னா ஆயுசுக்கும் பூட்டிடுவாங்கன்னு ஒரு பயம். நம்ம நாட்டு 2002 மனநலச் சட்டப்படி, சம்மதம் சொல்ற நிலையில இல்லாம, சிகிச்சையும் வேணாம்னு மறுக்கற ஆளை 72 மணி நேரம் வச்சுப் பாத்துட்டுத்தான் அடுத்த முடிவு. இதை சட்டம் படிக்கற மாதிரி படிக்காம, அந்த மூணு ராத்திரி வீட்ல என்ன பேசிக்கறாங்கன்னு காட்டுங்க. பயம் சும்மாவும் வரல, லைஃப் எசிடிமெனிங்கற மனநல ஆஸ்பத்திரிகள்ல இருந்த நோயாளிகளை கவனிக்க வக்கில்லாத இடங்களுக்கு மாத்தி 144 பேர் செத்தாங்க, அந்த வீட்ல யாராவது ஒருத்தர் அதையும் சொல்லட்டும்.

ஆயா வேஷத்துக்கு நடிகை தேடாதீங்க, மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தற பிரேயர்ல எல்லாரையும் அதட்டி வேலை வாங்கறாங்களே, அவங்கள்ல ஒருத்தரை மைக் முன்னாடி உக்கார வைங்க.