புவெனஸ் ஐரிஸுக்கு நாள் கிழமை பார்த்துப் போங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தென் அமெரிக்கா போகத் திட்டமிடுகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அர்ஜென்டினாவின் தலைநகரத்துக்கு எத்தனை நாள் ஒதுக்கலாம், ரெண்டு நாள் போதுமா?" இங்கிருந்து புவெனஸ் ஐரிஸுக்கு நேர் விமானம் கிடையாது. வழியில் எங்காவது மாறித்தான் போக வேண்டும். வீட்டைப் பூட்டியதிலிருந்து அங்கே ஓட்டல் அறையைத் திறக்கும்வரை ஒரு நாளுக்கு மேல் ஓடிவிடும். நம் கடிகாரத்துக்கும் அவர்கள் கடிகாரத்துக்கும் எட்டரை மணி நேர வித்தியாசம் வேறு. அதனால் போய் இறங்கும் நாளைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அது தூக்கத்துக்கு.

முதல் தடவை நானும் இரண்டு நாள் என்றுதான் போனேன். பயண ஏற்பாடு செய்தவர் திங்கள், செவ்வாய் நகரம், புதன் காலை இகுவாசு அருவிக்கு விமானம் என்று போட்டுக் கொடுத்தார். தாளில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை தேசிய நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போனால் கதவு மூடியிருக்கிறது, அன்று வார விடுமுறை. சரி, நாளைக்கு மால்பா என்ற இன்னொரு அருங்காட்சியகத்தில் லத்தீன் அமெரிக்க ஓவியங்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விசாரித்தால், அவர்களுக்குச் செவ்வாய் விடுமுறை! நம் ஊரில் புதுத் துடைப்பம் வாங்கக்கூட நாள் கிழமை பார்ப்போம். இவ்வளவு பணம் செலவழித்துப் போகும்போது பார்க்கத் தோன்றவில்லை.

அடுத்த முறை புதன் இறங்கி, திங்கள் காலை கிளம்பினேன். ஐந்து இரவுகள். இன்று யார் கேட்டாலும் நான் சொல்வது அதைத்தான். வியாழனும் ஞாயிறும் அதற்குள் வந்தாக வேண்டும்.

ஏன் வியாழன்? அன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு, இளஞ்சிவப்பு நிற அதிபர் மாளிகைக்கு எதிரே உள்ள மே சதுக்கத்துக்கு அன்னையர் வருகிறார்கள். 1976 முதல் 1983 வரை அங்கே ராணுவ ஆட்சி. ஆயிரக்கணக்கான இளைஞர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. பிள்ளை எங்கே என்று கேட்டு 1977 ஏப்ரலில் 14 பெண்கள் அந்தச் சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கத் தடை. "நிற்காதே, நட" என்று போலீஸ் விரட்டியது. அவர்களும் நடந்தார்கள். இரண்டு இரண்டு பேராகக் கைகோத்து, நடுவிலிருக்கும் வெள்ளைத் தூணைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். அந்த நடை இன்னும் நிற்கவில்லை. தலையில் அவர்கள் கட்டும் வெள்ளைத் துணி, முதலில் கைக்குழந்தைக்கு இடுப்பில் கட்டும் துணியாக இருந்தது. சதுக்கத்தின் தரையிலும் அதையே ஓவியமாக வரைந்திருக்கிறார்கள். நானும் கடைசி வரிசையில் சேர்ந்து ஒரு சுற்று நடந்தேன். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை போனால் புறாக்கள்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை, அதே சதுக்கத்திலிருந்து தெற்கே போகும் தெபென்சா தெரு முழுக்கச் சந்தை. சான் டெல்மோ என்ற பழைய பேட்டைக்கு அது கொண்டுபோய் விடும். பழைய சோடா பாட்டில், பித்தளைக் கைப்பிடி, யாரோ ஒரு பாட்டியின் கண்ணாடி வளையல். மூலையில் ஒரு ஜோடி டாங்கோ ஆடிக்கொண்டிருப்பார்கள். விலை கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், குறைக்கத்தான் மாட்டார்கள்.

நடுவில் இருக்கும் வெள்ளியும் சனியும் தாமாகவே நிரம்பிவிடும். 1913இல் ஓடத் தொடங்கிய சுரங்க ரயில் இருக்கிறது. 1919இல் கட்டிய நாடக அரங்கம் ஒன்று இப்போது புத்தகக் கடை, மேடையில் காபி குடிக்கலாம். ரெக்கொலேட்டா கல்லறைத் தோட்டத்தில் முன்னாள் அதிபர் பெரோனின் மனைவி எவிட்டாவைத் தேடுகிறவர்கள் துவார்த்தே என்ற பெயரைத் தேடுங்கள், அது அவருடைய பிறந்த வீட்டுக் குடும்பக் கல்லறை. லா போக்கா என்ற பேட்டையின் வண்ணத் தகர வீடுகளுக்கு இரண்டு மணி நேரமே அதிகம் என்பது என் கருத்து.

இரவைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. அங்கே குடும்பங்கள் சாப்பிட உட்காருவதே ஒன்பதரை, பத்து மணிக்கு. மிலோங்கா எனப்படும் டாங்கோ ஆட்டக் கூடங்கள் களைகட்ட நள்ளிரவாகும். காலை ஆறு மணிக்கு எழுந்து ஊர் சுற்றி, எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுப்பவருக்கு இந்த ஊரில் பாதி கண்ணில் படாது. மதியம் ஒரு தூக்கம் போடுங்கள், குற்றமில்லை. சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். இத்தாலியர்கள் பெருமளவில் குடியேறிய ஊர், பாஸ்தாவும், வெங்காயமும் சீஸும் அடைத்த பீட்சாவும் எங்கும் கிடைக்கும். மாதத்தின் 29ஆம் தேதி இருந்தால் ஞோக்கி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை சாப்பிடுங்கள். தட்டுக்கு அடியில் காசு வைத்தால் பணம் பெருகும் என்று நம்பிக்கை. சம்பள நாளில் மட்டும் அலுவலகத்தில் தலைகாட்டும் ஊழியருக்கும் அங்கே ஞோக்கி என்றுதான் பட்டப்பெயர்!

இன்னும் இரண்டு நாள் கையில் இருந்தால், ரெத்திரோ நிலையத்தில் ரயில் ஏறி டிக்ரேக்குப் போங்கள். ஆறு பல கிளைகளாகப் பிரியும் இடம், படகில் சுற்றலாம். வழியில் சான் இசித்ரோ வரும். 1924 நவம்பரில் பெருவுக்குப் போகும் வழியில் தாகூர் காய்ச்சலோடு புவெனஸ் ஐரிஸில் கப்பலிலிருந்து இறங்கினார். மருத்துவர்கள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ சான் இசித்ரோவில், ஆற்றைப் பார்த்தபடி இருந்த ஒரு வீட்டில் அவரைத் தங்கவைத்தார். சில நாள் என்று ஆரம்பித்தது, கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆகிவிட்டது. பெருவுக்கு அவர் போகவே இல்லை. 1925 ஜனவரியில் கிளம்பும்போது, அவர் தினமும் உட்கார்ந்திருந்த சாய்வு நாற்காலியையும் ஒகாம்போ கூடவே அனுப்பிவைத்தார். அது உள்ளே நுழையவில்லை என்று கப்பல் அறையின் கதவையே கழற்ற வேண்டியிருந்ததாம். அந்த நாற்காலி பிறகு சாந்திநிகேதன் வந்து சேர்ந்தது.