விற்பவர் முதலில் தன்னைச் சொல்லட்டும்

(கன்னியாகுமரி மாவட்டத்தில், சொந்த விருப்பத்துக்காகத் தேனீ வளர்ப்போர் கூடிய ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

வீட்டுத் தோட்டத்தில் இரண்டு பெட்டி, நான்கு பெட்டி வைத்திருப்பவர்கள் நாம். நாம் கூடும் இடத்தில், நம்மில் ஒருவர் தன் தேனையோ பெட்டியையோ தேனீக் கூட்டத்தையோ விற்பதற்கு விளம்பரம் செய்யலாமா? இதுதான் இன்று எனக்குக் கொடுத்திருக்கும் கேள்வி. போன கூட்டத்தில் இதைப் பேசும்போது குரல்கள் உயர்ந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். நெடுநாள் நண்பர்கள் இருவர் அன்று பேசிக்கொள்ளாமலே வீடு திரும்பினார்கள். அதனால் இந்தக் கேள்வியைச் சிறியதென்று நான் நினைக்கவில்லை.

பேசத் தொடங்கும் முன் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். என் தென்னந்தோப்பில் ஒன்பது பெட்டிகள் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் தேனீக் கூட்டத்தைப் பிரித்து ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ விற்கிறேன். தெரிந்தவர்களுக்குத் தேன் கொடுக்கிறேன், காசு வாங்கிக்கொண்டுதான். ஆக, நானும் விற்பவன். இதை மனத்தில் வைத்துக்கொண்டே நான் சொல்வதைக் கேளுங்கள்.

வணிகம் வந்தால் நம் கூட்டம் கெட்டுவிடும் என்கிறார்கள் சிலர். நம் மண்ணின் கதை அப்படிச் சொல்லவில்லை. திருச்சியில் இருந்த நியூட்டன் என்ற பாதிரியார் 1911 முதல் 1917 வரை கிராமத்து மக்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தார். நம் இந்தியத் தேனீயின் உடலளவுக்கு ஏற்பச் சிறிய பெட்டி ஒன்றையும் வடிவமைத்தார். நியூட்டன் பெட்டி என்று இன்றும் அதைத்தான் சொல்கிறோம். பிறகு 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமச் சீரமைப்புப் பணியைத் தொடங்கியபோது, கோழி வளர்ப்போடும் நெசவோடும் தேனீயையும் சேர்த்துக்கொண்டார். ஏழை விவசாயியின் கையில் நான்கு காசு சேர வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்றால், நூறாண்டாக இங்கே தேன் எடுத்து விற்று வாழ்ந்த குடும்பங்கள்தான் அதற்குக் காரணம். பொழுதுபோக்குக்காக வளர்க்கும் நாம் அவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டோம். அவர்களைப் பார்த்து, "உங்கள் கைத்தொழில் வேண்டும், உங்கள் விற்பனை வேண்டாம்" என்று சொல்வது நன்றி கெட்ட பேச்சு.

நடைமுறையையும் பாருங்கள். தேனீ அடை கட்டுவதற்காகப் பெட்டிக்குள் தொங்கவிடும் மரச் சட்டங்களுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி கொஞ்சம் கூடினாலும் தேனீ அங்கே குறுக்கே அடை கட்டிவிடும். குறைந்தால் மெழுகாலும் பிசினாலும் அடைத்துவிடும். இந்த அளவு தெரியாத தச்சர் செய்த பெட்டியில் ஒரு சட்டத்தைத் தூக்கினால் மூன்று சட்டம் சேர்ந்து வரும். நம்மிடையே அளவு பிசகாமல் பெட்டி செய்யும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் விலை சொல்லக் கூடாது என்றால் புதிதாக வருபவர் யாரிடம் போவார்?

எனவே விற்கட்டும் என்பதே என் கருத்து. ஆனால் என் மனத்தை உறுத்தும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் இதுபோன்ற ஒரு கூட்டத்துக்கு முதல்முறையாகப் போனேன். மூத்த உறுப்பினர் ஒருவர் தேனீயைப் பற்றிப் பேசினார். மனம் மயங்கிக் கேட்டுக்கொண்டிருந்தேன். கூட்டம் முடிந்ததும் அவரிடமே போய், எனக்கும் வளர்க்க ஆசை, எங்கே தொடங்குவது என்று கேட்டேன். தன்னிடம் தேனீக் கூட்டம் இருக்கிறது என்றார். வைகாசி முதல் வாரத்தில் இரண்டு பெட்டிகள் என் தோப்புக்கு வந்தன. திறந்து காட்டினார். அடை நிறையத் தேனீக்கள். நல்ல ராணி. பேசிய விலையைக் கொடுத்தேன்.

வைகாசி என்றதும் உங்களில் பலருக்குப் புரிந்திருக்கும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். நம் பகுதியில் தேனைப் பெரும்பாலும் கொடுப்பது ரப்பர் மரம். அதுவும் பூவிலிருந்து அன்று. மார்கழியில் இலை கொட்டி, தையில் துளிர்க்கும்போது, இளந்தளிரின் மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் இருக்கும் சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியும். தை, மாசி, பங்குனி வரை தேனீக்கு அதுதான் விருந்து. இலை முற்றியதும் கசிவு நின்றுவிடும். அதற்குப் பின் தென்மேற்குப் பருவமழை. ஆனியிலும் ஆடியிலும் தேனீ வெளியே போக முடியாது, போனாலும் கிடைப்பது கொஞ்சம். அந்த மாதங்களில் சர்க்கரைப் பாகு வைத்துக் கூட்டத்தைக் காப்பாற்ற வேண்டும். என்னிடம் வந்த இரண்டு பெட்டிகளிலும் அந்த ஆண்டின் தேனை முழுவதும் எடுத்து முடித்திருந்தார்கள். நான் வாங்கியது பசிக்காலத்தின் வாசலில் நின்ற இரண்டு குடும்பங்களை.

பாகு வைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனி கடைசியில் ஒரு பெட்டி காலியாகியிருந்தது. கூட்டம் முழுவதுமாகப் பறந்துவிட்டது. இன்னொன்றில் தேனீ குறைந்து, மெழுகு அந்துப்பூச்சி புகுந்து, அடை முழுவதும் நூலாம்படை. அந்தப் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். "உங்கள் தோப்பில் பூ போதாது, இத்தாலியத் தேனீ வாங்குங்கள், அது தாங்கும்" என்றார். அதையும் அவரிடமே வாங்கினேன். அது என்ன ஆயிற்று என்று சொல்லத் தேவையில்லை. 1962இல் இமாச்சலப் பகுதியில் நிலைபெறச் செய்த அந்த இனம் தேன் நிறையத் தரும், உண்மைதான். ஆனால் பூக்கும் இடம் தேடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவருக்கே அது ஏற்றது. பெரிய கூட்டம், பெரிய பசி. ஒரே தோப்பில் பெட்டியை வைத்துவிட்டு அலுவலகம் போய் வருபவருக்கு அதை விற்பவர், பசியையும் சேர்த்தே விற்கிறார்.

நண்பர்களே, அந்தப் பெரியவர் என்னிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ராணி நல்ல ராணிதான். தேனீ நிறைய இருந்தது உண்மைதான். அவர் சொல்லாமல் விட்டதில்தான் என் கூட்டங்கள் போயின. அன்று மேடையில் அவர் ஆசிரியர். மேடையைவிட்டு இறங்கியதும் வியாபாரி. எந்தப் படியில் அவர் மாறினார் என்பது எனக்குத் தெரியவில்லை. கடையில் போய் வாங்கியிருந்தால் நானும் நாலு கேள்வி கேட்டிருப்பேன். நம்மவர் என்ற நம்பிக்கை என் வாயை அடைத்துவிட்டது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கூட்டம் விற்பதைக் கருப்பட்டி விற்பதுபோல் நினைக்க முடியாது. 1991, 1992 ஆண்டுகளில் தாய்லாந்தின் பெயரால் தாய் சாக் புரூட் என்று அழைக்கப்படும் நச்சுயிரி நோய் தென்னிந்தியாவில் நம் இந்தியத் தேனீயை வாரிக்கொண்டு போனது. நூறு பெட்டி வைத்திருந்தவர்கள் ஐந்தும் பத்துமாக நின்றார்கள். வெற்றுப் பெட்டிகளை விறகாக்கியதாக எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இந்த நோய் கண்ட புழு கூட்டுப்புழுவாக மாறாது. அறைக்குள் தலையை மேலே தூக்கியபடி நீண்டு செத்துக் கிடக்கும். இடுக்கியால் எடுத்தால் நீர் நிறைந்த பைபோல் வரும். காய்ந்தால் ஓடம்போல் வளைந்த கறுப்புச் செதில். மருந்து கிடையாது. ராணியைச் சில வாரம் அடைத்து முட்டையிடாமல் நிறுத்துவது, வலுவான கூட்டத்திலிருந்து புது ராணி எடுப்பது என்று நாம் செய்யக்கூடியவை கொஞ்சம்தான். நோய்கண்ட அடை ஒன்று பெட்டி மாறினால் போதும், நோயும் மாறிவிடும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். கார்த்திகையில் மூன்று கூட்டம் விற்கப்போகிறேன் என்று நான் உங்களிடம் சொல்லியிருக்கிறேன். ஐப்பசியில் என் பெட்டி ஒன்றில் தலை தூக்கிய புழு இரண்டைப் பார்க்கிறேன். நோயாக இருக்கலாம், வேறு காரணமாகவும் இருக்கலாம். வாய் திறந்தால் மூன்று கூட்டத்தின் விலை போயிற்று. திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நோயைப் பற்றி முதலில் பேச வேண்டியவர் நிறையப் பெட்டி வைத்திருப்பவர். பேசினால் முதலில் இழப்பவரும் அவரே. நல்லவர், கெட்டவர் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. விற்பனையும் ஆலோசனையும் ஒரே வாயில் இருந்தால் நல்ல மனிதருக்கும் நாக்கு தயங்கும். எனக்கும் தயங்கியிருக்கிறது.

அமெரிக்காவில் ஏ. ஐ. ரூட் என்று ஒருவர் இருந்தார். ஓஹாயோ மாநிலத்து மெடினா ஊரில் நகை வேலை செய்தவர். 1865இல் வானில் பறந்து போன ஒரு தேனீக் கூட்டத்தை ஒரு டாலருக்குப் பிடித்துத் தரச் சொல்லி வாங்கினார். அந்தக் கூட்டம் அவர் வாழ்க்கையையே மாற்றிவிட்டது. பெட்டியும் கருவியும் செய்யும் தொழிற்சாலை வைத்தார். 1873இல் தேனீ இதழ் ஒன்றும் தொடங்கினார். அந்தக் காலத்தில் அங்கே காப்புரிமைப் பெட்டி என்ற பெயரில் ஏமாற்றுவோர் கிராமம் கிராமமாகத் திரிந்தார்கள். தூக்கி எடுக்கும் சட்டத்தோடு கூடிய பெட்டிக்கு 1852இல் காப்புரிமை பெற்ற லாங்ஸ்ட்ராத்தே, அதைத் திருடியவர்களோடு போராடிக் களைத்துப்போனார். ரூட் தன் இதழில் ஏமாற்று வேலைகளை அம்பலப்படுத்துவதற்கென்றே தனிப் பகுதி ஒதுக்கினார். அவரும் பெட்டி விற்றவர்தான். ஆனால் ரூட் வியாபாரி என்பது வாசகர் எல்லோருக்கும் தெரியும். அவர் பெட்டியைப் புகழ்ந்தால் அந்தப் புகழ்ச்சியைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அவரிடம் பிடித்தது அந்த வெளிப்படைதான்.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. பிரிட்டிஷ் தேனீ வளர்ப்போர் சங்கம், பூச்சிக்கொல்லி நிறுவனங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு, சில பூச்சிக்கொல்லிகளின்மேல் தன் முத்திரையைப் போட அனுமதித்தது. சொன்னபடி தெளித்தால் தேனீக்கு ஆபத்து குறைவு என்பது சங்கத்தின் வாதம். உறுப்பினர்கள் கொதித்தார்கள். 2010இன் இறுதியில் அந்த ஏற்பாட்டை முடித்துக்கொள்வதாகச் சங்கம் அறிவித்தது. மண்டப வாடகைக்கு விளம்பரப் பணம் வாங்கலாமே என்று நம்மில் சிலர் சொன்னபோது எனக்கு அந்தச் சங்கத்தின் நினைவுதான் வந்தது. வாடகை குறைந்தால் ஆளுக்கு இருபது ரூபாய் கூடுதலாகப் போடுவோம். விற்பவரிடம் வாங்க வேண்டாம். வாங்கிய பிறகு அவர் பெட்டியில் குறை சொல்ல நமக்குத் துணிவு வராது.

தேன் விற்பனையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 2020 டிசம்பரில் டெல்லியில் உள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் சோதித்த 13 வணிகப் பெயர்த் தேன்களில் 10 தூய்மைச் சோதனையில் தேறவில்லை என்ற செய்திக்குப் பிறகு மக்கள் நம்மைப் போன்றவர்களைத் தேடி வருகிறார்கள். அந்த நம்பிக்கையோடு விளையாடக் கூடாது. சுத்தமான தேன் என்று காட்டத் தண்ணீரில் ஊற்றிக் காட்டுவதும் தீக்குச்சி உரசிக் காட்டுவதும் எதையும் நிரூபிப்பதில்லை. இங்கே யாரும் அதைச் செய்ய வேண்டாம். பாகு வைத்த காலத்தில் எடுத்ததைத் தேன் என்று விற்பவருக்கு நம்மிடையே இடம் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? கூட்டத்தின் கடைசி அரை மணி நேரத்தை விற்பனைக்கு ஒதுக்குவோம். பின் சுவரோரம் ஒரு மேசை, விலை எழுதிய அட்டை. அதற்கு முன், புதியவர் ஒருவர் "என் கூட்டம் ஏன் ஓடியது?" என்று கேட்டால், விற்பவரும் பதில் சொல்லலாம், ஆனால் "நான் கூட்டம் விற்கிறேன்" என்று முதலில் சொல்லிவிட்டுச் சொல்லட்டும். அப்போது, விற்காத ஒருவரும் கூடவே பதில் சொல்ல வேண்டும். கூட்டம் வாங்குகிறவர் முன்னால் ஒவ்வொரு சட்டத்தையும் தூக்கிப் புழுவைக் காட்ட வேண்டும், கடைசியாகத் தேன் எடுத்த தேதியை எழுதிக் கொடுக்க வேண்டும். வைகாசி முதல் புரட்டாசி வரை புதியவருக்குக் கூட்டம் விற்கவே வேண்டாம் என்பது என் ஆசை. இதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். வாக்கெடுப்பில் தோற்றாலும் அடுத்த ஆண்டு மறுபடி கேட்பேன்.

இவை உங்கள் விருப்பம். என் பங்கை இப்போதே செய்துவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை என் மூன்றாவது பெட்டியில், நான்காம் சட்டத்தில், தலை தூக்கிய புழு ஆறைப் பார்த்தேன். என்னிடம் கூட்டம் கேட்டிருந்த இருவருக்கும் இந்த ஆண்டு இல்லை என்று சொல்லிவிட்டேன். சென்ற மாதம் என்னிடம் அடை இரவல் வாங்கிய நண்பர் இந்த அரங்கில்தான் இருக்கிறார். ஐயா, இன்று வீடு போனதும் உங்கள் பெட்டியைத் திறந்து பாருங்கள். திறந்த பின் கையையும் கருவியையும் கழுவாமல் அடுத்த பெட்டியைத் தொட வேண்டாம். அந்தச் சட்டத்தின் படம் என் கைப்பேசியில் இருக்கிறது. தேநீர் இடைவேளையில் வந்து பாருங்கள்.

வணக்கம்.