ஹார்னால் முழங்க முடியாத இடம்: சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வளர்ந்த கதை

[ஒலி: கருவிகள் சுருதி சேர்க்கும் சலசலப்பு]

வணக்கம். கச்சேரி இன்னும் தொடங்கவில்லை. மேடையில் 80, 90 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவிலிருந்து ஒரே ஒரு கருவி நீளமாக ஒரு சுரம் பிடிக்க, மற்ற எல்லோரும் அதோடு சேர்ந்துகொள்கிறார்கள். அந்தக் கருவி ஓபோ. நாதஸ்வரச் சீவாளி மாதிரியே இரட்டை நாணல் வைத்து ஊதுவது. அத்தனை இரைச்சலிலும் அதன் குரல் தனியாகக் காதில் விழும். அது பிடிக்கும் சுரம் பெரும்பாலும் வினாடிக்கு 440 அதிர்வு.

[திரையில்: மேடை, மேலிருந்து]

முன்னால் விசிறி போல விரிந்திருப்பவை வில் போட்டு வாசிப்பவை: வயலினில் இரண்டு அணி, வியோலா, செல்லோ, டபுள் பாஸ். பெரிய ஆர்கெஸ்ட்ராவில் இவர்கள் மட்டுமே 60 பேர் வரை இருப்பார்கள். பின்னால் ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பாசூன், வகைக்கு இரண்டு மூன்று பேர். அப்புறம் ஹார்ன், ட்ரம்பெட், ட்ராம்போன் போன்ற பித்தளைக் கருவிகள், டிம்பனி முதலான தாளக் கருவிகள்.

வயலினுக்கு மட்டும் ஏன் இத்தனை பேர்? ட்ரம்பெட் முழு மூச்சில் ஊதினால் ஒற்றை வயலின் காணாமல் போய்விடும். தவிர, பலர் ஒரே சுரத்தை வாசிக்கும்போது வரும் கனிவு ஒருவர் வாசித்தால் வராது.

இதை யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு அமைக்கவில்லை. 1761இல் இசையமைப்பாளர் ஹைடன் எஸ்டர்ஹாசி பிரபு குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கிருந்த குழு ஏறத்தாழ 15 பேர்தான்.

[திரையில்: பழைய வியன்னா, பனிக்காலம்]

1808 டிசம்பர் 22. வியன்னாவின் 'ஆன் டெர் வீன்' அரங்கில் கடுங்குளிர். பேத்தோவனின் கச்சேரி நான்கு மணி நேரம் நீண்டது. ஒத்திகை போதவில்லை, ஒரு படைப்பு நடுவில் தடுமாறி நின்று, மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. அவருடைய ஐந்தாவது சிம்பொனி அந்த இரவில்தான் முதன்முதலாக மேடையேறியது. ஆர்கெஸ்ட்ராவின் கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான படைப்பு எனக்குத் தெரியாது.

அதில் மூன்று ட்ராம்போன்காரர்கள் முதல் மூன்று பகுதிகள் முழுக்கச் சும்மா காத்திருப்பார்கள். தேவாலயத்திலும் ஓபராவிலும் பழகிய கருவி அது; சிம்பொனிக்குப் புதுசு. நான்காவது பகுதி வெடித்துத் தொடங்கும் அந்தக் கணத்தில்தான் அவர்கள் வாய் திறப்பார்கள். ஆறு டிம்பனியைவிட இந்த மூன்று ட்ராம்போனும் பிக்கலோ என்ற குட்டி ஃப்ளூட்டும் அதிகச் சத்தம் தரும், அதுவும் நல்ல சத்தமாகத் தரும் என்று பேத்தோவனே ஒரு கடிதத்தில் எழுதினார்.

[ஒலி: முதல் பகுதி, ஹார்ன் முழக்கம்]

சரி, இப்போது முதல் பகுதிக்கு வாருங்கள். 'த-த-த-தாம்' கொஞ்ச நேரம் ஓடியதும் இரண்டு ஹார்ன்கள் முழங்கி அடுத்த மெட்டை அழைத்துவரும். அதே இடம் திரும்பி வரும்போது முழங்குவது பாசூன்கள்.

அன்றைய ஹார்னில் வால்வு கிடையாது. நம் கோயில் கொம்பு போல வளைந்த குழாய்தான். உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் அந்தக் குழாய்க்கு இயல்பான சில சுரங்களை எடுக்கலாம். மெட்டோ இரண்டாம் முறை வேறு சுருதிக்கு மாறிவிடுகிறது. குழாயை மாற்றிப் பொருத்த அவகாசமில்லை. ஹார்னின் அகன்ற வாய்க்குள் கையைச் செருகி மற்ற சுரங்களைப் பிடித்தால் ஒலி அமுங்கிவிடும். அதனால்தான் பாசூன் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம்.

பத்தே ஆண்டில், 1818இல், ஸ்டோல்செல், ப்ளூமெல் என்ற இருவர் பெர்லினில் வால்வுக்குக் காப்புரிமை பெற்றார்கள். விரலால் அழுத்தினால் காற்று போகும் பாதை நீளும். எல்லாச் சுரமும் கைக்கு வந்தது. 1835இல் டூபா என்ற பெரிய பித்தளைக் கருவி பிறந்தது. பித்தளை பெருகப் பெருக வயலின்களும் பெருகின. முதல் வயலின்காரர் தலையசைத்து நடத்தும் காலம் போய், கையில் கோலோடு நிற்கும் கண்டக்டர் வந்தார். 1910இல் மியூனிக்கில் மாஹ்லரின் எட்டாவது சிம்பொனிக்கு, பாடகர்களையும் சேர்த்து, மேடையில் 1,000 பேருக்கு மேல்.

வால்வு வந்தபின் பல கண்டக்டர்கள் அந்தப் பாசூன் முழக்கத்தை ஹார்னுக்கே கொடுத்துவிட்டார்கள். பேத்தோவனுக்கு வால்வு கிடைத்திருந்தால் அவரும் அதையே எழுதியிருப்பார் என்பது அவர்கள் வாதம். எழுதியபடியே வாசிப்பவர்களும் உண்டு. என் மனசு பாசூன் பக்கம். அந்தப் பெரிய முழக்கத்தை அவை மூச்சைத் திரட்டித் தூக்கிப் பிடிக்கும் விதம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். இரண்டையும் கேளுங்கள்.

[ஒலி: முதலில் பாசூன். சற்று இடைவெளி. பிறகு ஹார்ன்.]