பெண் எலும்பு டாக்டர்கள் ஏன் இவ்வளவு குறைவு? பலம் காரணமே இல்லை, இந்தக் கவசத்தைப் பாருங்கள்!

(திரையில்: ஹேங்கரில் தொங்கும் ஈய ஏப்ரன்)

வணக்கம். எக்ஸ்ரே கதிரிலிருந்து டாக்டரைக் காப்பாற்றத்தான் இந்த ஏப்ரனைச் செய்திருக்கிறார்கள். எலும்பு ஆபரேஷன் தியேட்டரில் எக்ஸ்ரே ஓடும்போது இதை மாட்டாமல் யாரும் நிற்கக்கூடாது. ஆனால் ஒரு பெண் டாக்டர் இதைப் போட்டுக்கொண்டால், உடம்பில் எந்த இடத்தை முக்கியமாக மறைக்க வேண்டுமோ அந்த இடம் திறந்து கிடக்கிறது. இது தெரிந்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. வீடியோவை நடுவில் விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள்.

முதலில் பழைய கதை, வேகமாக. மதராஸ் மருத்துவக் கல்லூரி 1875இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1968இல் சென்னையில் டி.எஸ்.கனகா நரம்பியல் அறுவை சிகிச்சையில் எம்சிஎச் என்ற உயர்சிறப்புப் பட்டம் முடித்தார். ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களில் ஒருவர். மண்டையோட்டைத் திறக்கும் வேலைக்கே பெண்கள் வந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. எலும்புக்கு? அமெரிக்காவில் இன்றும் நூறு எலும்பு மருத்துவர்களில் ஆறேழு பேர்தான் பெண்கள்.

ஏன் என்று கேட்டால் உடனே வருகிற பதில், "அதுக்கு நல்ல பலம் வேணும்பா". பாம்பனில் விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சில் கை மாட்டிய ஒருவரை ஆம்புலன்ஸில் ராமநாதபுரத்துக்குக் கொண்டு வருகிறார்கள் என்று வையுங்கள். அந்த எலும்பை இழுத்து நேராக்க பயில்வான் வேண்டுமா? வேண்டாம். மயக்க மருந்து தசையைத் தளர்த்திவிடும். காலை இழுத்துப் பிடிக்க டிராக்‌ஷன் டேபிள் இருக்கிறது. துளை போட பவர் டிரில் இருக்கிறது. தோள்மூட்டு நழுவிய ஆளைக் குப்புறப் படுக்கவைத்து, தொங்கும் கையில் சில கிலோ எடையைக் கட்டிவிட்டுக் காத்திருக்கும் முறையே உண்டு. ஸ்டிம்சன் முறை என்பார்கள். புவியீர்ப்பு இழுக்கிறது, மூட்டு தானாக உள்ளே போகிறது. எவ்வளவு அழகு பாருங்கள்!

இப்போது கவசத்துக்கு வருவோம். உடைந்த எலும்புக்குள் கம்பி சரியாகப் போகிறதா என்று பார்க்க, தியேட்டருக்குள்ளேயே சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியை ஓட்டுவார்கள். கதிர் நோயாளியின் உடம்பில் பட்டு நாலாபக்கமும் சிதறும். அந்தச் சிதறலைத் தடுக்கத்தான் ஏப்ரன். நெஞ்சு, வயிறு, தொடை எல்லாவற்றையும் மூடிவிடும். கை வீசி வேலை செய்ய வேண்டுமே, அதனால் அக்குள் பக்கம் அகலமாக வெட்டிவிட்டிருக்கும். அகலமான தோளுக்குத் தைத்த ஏப்ரனை ஒல்லியான பெண் மாட்டினால் அந்த வெட்டு இன்னும் வாய் பிளக்கும். கையைத் தூக்கியதும் மார்பகத்தின் வெளிப்புற மேல்பகுதி வெளியே தெரியும். மார்பகப் புற்றுநோய் அதிகம் வருவது அந்தப் பகுதியில்தான்!

அமெரிக்கப் பெண் எலும்பு மருத்துவர்களிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், மார்பகப் புற்றுநோய் எதிர்பார்த்த அளவைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தெரிந்தது. கதிர்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அதை அடைக்காமல் இருக்க என்ன நியாயம்?

மண்டபம், சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, விரல்களில் சுற்றிய துணி. ஒரு காலத்தில் முத்துக்குளித்த இதே கடலில், பெண் உடம்புக்கென்று யாரும் ஒரு உடை தைத்துத் தரவில்லை. கிடைத்ததை வைத்து அவர்களே சரிக்கட்டிக்கொண்டார்கள். தியேட்டரில் அதைக்கூடச் செய்ய முடியாது. ஏப்ரனைப் பிடித்துத் தைக்க முடியாது, ஊசி போன இடமெல்லாம் ஓட்டை. மடித்து வைத்தாலே உள்ளே விரிசல் விடும், அதனால்தான் ஹேங்கரில் தொங்குகிறது. அளவானதை வாங்கித்தான் ஆக வேண்டும். அக்குளை மறைக்கத் தனித் துண்டும், கை வைத்த கவசமும் கடையில் விற்கிறார்கள். இன்னொன்று, பக்கவாட்டில் படம் எடுக்கும்போது எக்ஸ்ரே குழாய் இருக்கும் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் நின்றால் சிதறல் குறைவு. இதற்குக் காசே வேண்டாம், முதல் நாளே சொல்லிக்கொடுத்தால் போதும்.

கர்ப்பம் என்றால்? விதி தெளிவாக இருக்கிறது. நம் நாட்டில் கதிர் பாதுகாப்பைக் கவனிக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கணக்குப்படி, கர்ப்பத்தைத் தெரிவித்த பிறகு மீதி மாதங்களில் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குப் படும் கதிர் 1 மில்லிசீவர்ட்டுக்கு (கதிரை அளக்கும் அலகு) மேல் போகக்கூடாது. தெரிவித்தால்தானே? "இதுக்குத்தான் பொண்ணுங்களை யூனிட்ல எடுக்கக்கூடாதுன்னு சொன்னேன்" என்ற பேச்சுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு சி-ஆர்ம் பக்கத்தில் நிற்கும் பிஜி (மேற்படிப்பு) மாணவிக்கு அந்த விதி காகிதம்தான். என்னைக் கேட்டால், ஏப்ரனைவிடப் பெரிய ஓட்டை இதுதான்.

ராத்திரி டியூட்டி ரூமுக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்பதை, 2024இல் கொல்கத்தாவில் டியூட்டியில் இருந்த பயிற்சி டாக்டர் ஒருவர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்டதற்குப் பிறகும் கேட்டு வாங்க வேண்டியிருப்பது கொடுமை.

நோயாளி பக்கமும் ஒரு வார்த்தை. எதிரே நின்று பரிசோதிப்பவரிடமே "சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாரு?" என்று கேட்கிறோம். கேட்பதை நிறுத்துவோம். நஷ்டம் நமக்குத்தான். வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு சுமக்கும் அக்காவுக்கு முட்டி வலி, கீழக்கரையில் மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேய்கிற பாட்டிக்கு இடுப்பு வலி. ஆண் டாக்டரிடம் சேலையை முட்டிக்கு மேல் தூக்கிக் காட்டக் கூச்சப்பட்டு, தைலம் தேய்த்தே வருஷங்களைக் கடத்துகிறவர்கள் இந்தக் கரையில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பெண் எலும்பு டாக்டர் வேண்டும்.

2022இல் ராமநாதபுரத்துக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கே படிக்கிற தங்கை யாராவது இதைப் பார்த்தால், ஆர்த்தோ, அதாவது எலும்பு மருத்துவம் எடுக்க ஆசை இருந்தால் எடும்மா. தியேட்டருக்குச் சாமான் வாங்கும் பொறுப்பில் இருக்கிறவர்கள் பார்த்தால், அடுத்த இன்டென்டில் (சாமான் கேட்டு எழுதும் பட்டியலில்) ஸ்மால் சைஸ் ஏப்ரன் இரண்டு, அக்குள் மறைப்பு இரண்டு சேர்த்து எழுதுங்கள். எழுதியவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், அதை மேலே பின் பண்ணி வைக்கிறேன்.