மலையில் வெட்டிய காடி

நேயர்களுக்கு வணக்கம்.

நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து, கோட்டப் பொறியாளராக ஓய்வு பெற்று, இப்போது மதுரைப் பக்கத்து மலைகளில் சமணக் குகைகளையும் கல்வெட்டுகளையும் பார்க்கப் போகிறவன் நான். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று மதுரையைச் சுற்றியேதான் வேலையில் பெரும்பகுதி கழிந்தது. ரோடு போடுகிறவனுக்குக் கல் என்றால் ஜல்லி. 40 மில்லியா, 20 மில்லியா, எத்தனை யூனிட் இறங்கியது, அளவுப் புத்தகமான எம்-புக்கில் ஏறியதா, அவ்வளவுதான். மலையைப் பார்த்தால் இதில் எவ்வளவு ஜல்லி தேறும் என்றுதான் கண் கணக்குப் போடும். வேலை அப்படி.

அந்த வேலை முதலில் சொல்லிக்கொடுப்பது தண்ணீரைப் பற்றி. ரோடு கெடுவதற்கு லாரிதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். லாரியைவிடப் பொல்லாதது, ரோட்டுக்குள் இறங்கித் தங்கிவிடுகிற தண்ணீர். நடுவை உயர்த்தி இரண்டு பக்கமும் வாட்டம் விடுவது அதற்காகத்தான். ஓரத்தில் வாய்க்கால் எடுப்பதும், பள்ளம் வரும் இடத்தில் சிறுபாலம் கட்டுவதும் அதற்காகத்தான். தண்ணீரை வெளியே அனுப்பத் தெரிந்தவன்தான் நல்ல ரோடு போடுவான். இளம் பொறியாளர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டிருக்கிறது.

ஓய்வுக்குப் பிறகு, என்னோடு சிவில் படித்தவர்கள் மதுரையில் ஒன்று கூடினோம். சிலர் சென்னையிலிருந்து, சிலர் வெளிநாட்டிலிருந்து. கோயிலுக்குப் போனோம், ஜிகர்தண்டா குடித்தோம், பழைய கதையெல்லாம் பேசித் தீர்த்தோம். அப்புறம் ஒருவர், "மாங்குளத்தில் சங்ககாலக் கல்வெட்டு இருக்கிறதாமே, போய்ப் பார்க்கலாமா?" என்றார். மேலூர்ப் பக்கம் அத்தனை ஆண்டு வேலை பார்த்த நான் அந்த மலையில் ஏறியதே இல்லை.

மீனாட்சிபுரத்தில் வண்டியை விட்டுவிட்டு மெதுவாக ஏறினோம். மேலே இயற்கையான குகைத்தளங்கள். உள்ளே பாறையை வழவழவென்று செதுக்கிய கற்படுக்கைகள், தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்தி. ஊர்க்காரர்கள் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். சமண முனிவர்கள் தங்கிய இடம் அது. எல்லோரும் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். வீட்டு வேலைகளே கட்டிக்கொடுத்து ஓய்ந்த நண்பர் ஒருவர் மட்டும் குகையின் நெற்றியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். "மாப்ள, இங்க பாரு. இது நம்ம சன்ஷேடுக் காடிடா!" என்றார்.

அவர் சொன்னது சரிதான். வீட்டில் சன்ஷேடு போடும்போது அதன் அடிப்பக்கம், விளிம்புக்குச் சற்று உள்ளே, ஒரு கம்பியையோ குழாய்த் துண்டையோ வைத்து நீளமாக ஒரு பள்ளக் கோடு, அதாவது காடி, விடுவோம். ஏன்? மழைத்தண்ணீர் விளிம்புக்கு வந்ததும் நேராகக் கீழே விழுந்துவிடாது. அடிப்பரப்பை ஒட்டிக்கொண்டு உள்நோக்கி ஊர்ந்து சுவருக்கு வந்துவிடும். காடி இருந்தால் அதைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். மாங்குளத்திலும் இதே கதைதான். மேலே பெரிய பாறை. மழை பெய்தால் தண்ணீர் அதன் முகத்தில் வழிந்து, வளைந்து, குகைக்குள் வரும். அதைத் தடுக்கத்தான் பாறையின் நெற்றி நெடுகிலும் உளியால் காடி வெட்டியிருக்கிறார்கள். சிமென்ட் கிடையாது, லெவல் கருவி கிடையாது. ஆனால் தண்ணீர் எப்படி நடந்துகொள்ளும் என்பது அந்தக் கல்தச்சருக்கு எங்களைப் போலவே தெரிந்திருக்கிறது. வடிகாலைப் பற்றி வாழ்நாளெல்லாம் பேசிய எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அங்கே பிடித்ததுதான் கல்வெட்டு பார்க்கும் இந்த இரண்டாவது வேலை. படிக்க ஆரம்பித்தேன். மாங்குளத்துக் கல்வெட்டுகளை 1882-இல் ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சுவெல் கண்டுபிடித்தார். எழுத்து பிராமி என்ற பழைய எழுத்தாக இருந்தாலும் மொழி தமிழ்தான் என்று கல்வெட்டறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் எடுத்துக் காட்டினார். பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் அதில் இருப்பதை 1965-இல் படித்துச் சொன்னவர் ஐராவதம் மகாதேவன். அவர் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். வேறு வேலையில் இருந்துகொண்டே கல்லைப் படித்தவர் என்பதால் எங்களுக்கு அவர்மேல் தனி மரியாதை. நெடுஞ்செழியனின் அலுவலரான கடலன் வழுதி, கணி நந்தாசிரியன் என்ற முனிவருக்காக இந்தப் பள்ளியை, அதாவது முனிவர் தங்கும் இடத்தை, வெட்டுவித்தான் என்பது செய்தி. வேலையைச் செய்வித்தது யார், யாருக்காக, இரண்டும் கல்லிலேயே பதிவாகியிருக்கிறது. காலம் ஏறக்குறைய கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்கிறார்கள்.

எனக்கு இன்னும் நெருக்கமானது கிடாரிப்பட்டிப் பக்கம் உள்ள அழகர்மலைக் குகைத்தளம். அங்கே கொடை கொடுத்தவர்கள் மதுரைப் பொன்கொல்லன், உப்பு வணிகன், ஏருக்குக் கொழு விற்றவன், துணி விற்ற அறுவை வணிகன், வெல்லப்பாகு விற்ற பணித வணிகன். நம் கடைவீதி முழுக்க அந்தப் பாறையில் ஏறி நிற்கிறது. மாசி வீதிகளில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம்தான்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். கல்லூரிப் பிள்ளைகள், பள்ளிப் பிள்ளைகள் யார் கேட்டாலும் அழைத்துப் போகிறோம். வெளியூரில் இருக்கும் வகுப்புத் தோழர்கள் ஊருக்கு வருகிற தேதியைச் சொல்லிவிட்டால், அதை ஒட்டி மலையேற்றம். படுக்கையின் நீள அகலம், காடியின் ஆழம், பாறையின் சரிவு எல்லாவற்றையும் டேப் பிடித்து அளந்து, தாளில் வரைந்து வைக்கிறோம். கல்வெட்டில் மைப்படி எடுப்பது, அதாவது எழுத்தை மை கொண்டு தாளில் ஒற்றி எடுப்பது, அனுமதி பெற்ற தொல்லியல் துறையினரின் வேலை. அதில் நாங்கள் கை வைப்பதில்லை. பிள்ளைகளிடம் முதலில் எழுத்தைக் காட்டமாட்டேன். "மழை பெய்தால் தண்ணீர் எந்த வழியாக வரும்?" என்று கேட்பேன். அவர்களாகவே காடியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எழுத்தைக் காட்டினால் கண் விரியும்.

இதில் எனக்கு ஒரு கவலையும் உண்டு. மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காக வெட்டிய குழிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். கல் தேவைதான், அதை வைத்துத்தான் நானும் ரோடு போட்டேன். ஆனால் எழுத்துள்ள பாறை ஜல்லி ஆகக் கூடாது. அரிட்டாபட்டியில் தமிழி என்கிற தமிழ் பிராமி எழுத்து, சமணச் சிற்பம், குடைவரைச் சிவன் கோயில் மூன்றும் இருக்கின்றன. 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் என்றதும் சுற்றுவட்டார மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் சுரங்க ஏலம் ரத்தானது. அந்த மக்களுக்கு என் வணக்கம்.

பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் கீழக்குயில்குடிச் சமணர் மலைக்குப் போகலாம். மதுரைக்குப் பக்கம், படியும் உண்டு. செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் இரண்டிலும் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும், வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தும் இருக்கின்றன. அப்புறம் மாங்குளம், கிடாரிப்பட்டி என்று போகலாம். வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். எழுத்து தெரியவில்லையே என்று சாக்பீஸ் போட்டுத் துலக்க வேண்டாம், அது கல்லைக் கெடுக்கும். டார்ச்சைப் பாறையை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து தானே எழுந்து வரும்.

நன்றி, வணக்கம்.