இரத்தம் குறைந்தால் எதைத் தேடுவது?

நேயர்களுக்கு வணக்கம். உறையாமல் தடுக்கும் மருந்து தடவிய குழாயில் சிறிது இரத்தத்தை எடுத்து, ஆய்வகத்துச் சுழற்பொறியில் சில நிமிடம் சுற்றவிட்டால் அது மூன்று அடுக்குகளாகப் பிரிந்து நிற்கும். மேலே, பாதிக்குச் சற்றுக் கூடுதலாக, வைக்கோல் நிறத்தில் தெளிந்திருப்பது பிளாஸ்மா. அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான் என்றாலும், கல்லீரல் உண்டாக்கும் அல்புமினும், இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களும், சர்க்கரையும், உப்பும், ஹார்மோன்களும், சிறுநீரகத்துக்குப் போய்ச்சேர வேண்டிய யூரியாவும் அந்த நீரில்தான் பயணம் செய்கின்றன. அடியில் அடர்சிவப்பாகப் படிந்திருப்பவை சிவப்பணுக்கள். இரண்டுக்கும் நடுவே, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் மெல்லிய வெண்படலத்துக்குள் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களும், காயத்தை அடைக்கும் தட்டணுக்களும் அடங்கிவிடுகின்றன.

இன்று நான் பெரும்பாலும் அந்த அடி அடுக்கைப் பற்றியே பேசப்போகிறேன். என் அறைக்கு வருபவர்களில் பலர், "டாக்டர், எனக்கு இரத்தம் கம்மி, இரத்தம் ஊற என்ன சாப்பிடலாம்?" என்று கேட்டபடியேதான் உட்காருகிறார்கள். கேள்வியில் தவறில்லை, ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இரத்தம் ஏன் குறைந்தது?

பெரியவர்களின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. சோகை என்று நாங்கள் சொல்வது இந்த 5 லிட்டர் குறைந்துபோவதை அன்று. சிவப்பணுக்களுக்குள் இருந்து ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைவதைத்தான். 100 மில்லி இரத்தத்தில் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12 கிராமுக்கும், கருவுற்றவர்களுக்கு ஏறத்தாழ 11 கிராமுக்கும் கீழே போனால் சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. காய்ச்சல் எப்படி ஒரு நோயின் பெயர் இல்லையோ, அப்படியே சோகையும் ஓர் அடையாளம் மட்டுமே.

எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. முதுமையடைந்த அணுவை மண்ணீரல் முதலிய உறுப்புகள் சிதைத்து, அதிலிருந்த இரும்பைக் கவனமாகப் பிரித்து மஜ்ஜைக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. இப்படி நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு மறுசுழற்சியாகிறது. உணவிலிருந்து குடல் புதிதாக உறிஞ்சுவதோ 1 அல்லது 2 மில்லிகிராம்தான். இவ்வளவு சிக்கனமாகக் குடும்பம் நடத்தும் உடலில் இரும்பு தீர்ந்துபோகிறது என்றால், குறிப்பாக வளர்ந்த ஓர் ஆணுக்கோ மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ தீர்ந்துபோகிறது என்றால், சாப்பாட்டைக் குறை சொல்லும் முன் இரத்தம் எங்கே கசிகிறது என்று தேட வேண்டும். ஒரு மில்லி இரத்தம் போனால் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. நாள்தோறும் 10 மில்லி கசிந்தால் அந்த இழப்பை முருங்கைக்கீரையும் பேரீச்சையும் ஈடுசெய்துவிட முடியாது. மூலம், வயிற்றுப் புண், வலிமாத்திரைகள், வெறுங்காலோடு வயலில் நடப்பவரின் குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு, பெண்களுக்கு அதிகப்படியான மாதவிலக்கு என எதுவும் காரணமாகலாம். பல மாதம் டானிக் குடித்துவிட்டு வந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்குப் பெருங்குடலில் கட்டி இருந்தது. டானிக்கால் ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறியதே அவரைத் தாமதப்படுத்திவிட்டது.

சாப்பாடே காரணமாக இருப்பதும் உண்டு. 1928-இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், துணி ஆலைகளில் வேலை செய்த கருவுற்ற பெண்களுக்கு வந்த ஒருவகைக் கடும் சோகையை ஆராய்ந்தார். அவர்களுடைய சிவப்பணுக்கள் சிறுத்திருக்கவில்லை, பருத்திருந்தன. ஈஸ்ட் சாறு கொடுத்ததும் தேறினார்கள். அந்தச் சாற்றில் இருந்த சத்து ஃபோலிக் அமிலம் என்பது பின்னாளில் தெரியவந்தது. இன்று கருவுற்ற பெண்களுக்குத் தரும் மாத்திரையில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது.

மூன்றாவது வகையில் குறை அணுவுக்குள்ளேயே இருக்கிறது. ஹீமோகுளோபினின் ஒரு புரதச் சங்கிலியில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறிப்போவதால் சிவப்பணு அரிவாள் போல் வளைந்து, நுண்குழாய்களில் சிக்கி, சில வாரங்களிலேயே சிதைகிறது. இந்தப் பண்பு நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இருப்பது 1952-இலேயே கண்டறியப்பட்டது. தலசீமியா என்ற பரம்பரைக் குறைபாட்டில் சங்கிலியின் உற்பத்தியே குறைகிறது. இலேசான தலசீமியா உள்ளவரின் அணுக்களும் இரும்புக் குறைவில் காண்பது போலவே சிறுத்திருப்பதால், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். உடலுக்கோ மிகுதியான இரும்பை வெளியேற்றும் வழி கிடையாது.

நடுப்படலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டெங்கு வந்த வீட்டில் எல்லோரும் தட்டணு எண்ணிக்கையையே மனப்பாடமாகச் சொல்வார்கள். அதைவிட ஆபத்தானது, இரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா வெளியே கசிவது. அப்போது இரத்தம் கெட்டியாவதால் ஹீமோகுளோபின் ஏறுவது போலத் தோன்றும்.

கடைசியாக, மீண்டும் தலசீமியாவுக்கு வருகிறேன். இலேசான தலசீமியா உள்ளவருக்குப் பெரும்பாலும் தொல்லை ஏதும் தெரியாது. பெற்றோர் இருவருமே அப்படிப்பட்டவர்களாக இருந்தால்தான், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அந்தக் குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஓர் இரத்தப் பரிசோதனையைத் திருமணத்துக்கு முன்போ, கருவுற்ற தொடக்க வாரங்களிலோ செய்துகொண்டால் இதை முன்கூட்டியே அறியலாம். வணக்கம்.