சொல்ல முடியாத பிள்ளைக்கும் சிகிச்சை உண்டு

எல்லோருக்கும் வணக்கம். பயங்கரத்தில் சிக்கி மனம் காயப்பட்ட பிள்ளைகளுக்கான ஒரு சிகிச்சையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

2000ஆம் ஆண்டு மே 13, சனிக்கிழமை. நெதர்லாந்தில் என்ஸ்கெடே என்ற ஊரில், வீடுகளுக்கு நடுவே இருந்த ஒரு பட்டாசுக் கிடங்கு வெடித்தது. 23 பேர் இறந்தார்கள். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். சுற்றியிருந்த குடியிருப்பு தரைமட்டம். சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்கு இதை மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

இப்படித் தப்பிப் பிழைத்த பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்று இங்கிருக்கும் ஆசிரியர்களுக்குத் தெரியும். கதவு டமார் என்று சாத்தினால் தூக்கிவாரிப்போடும். ராத்திரி அலறி எழுவார்கள். பத்தாவது படிக்கிற பையன் என்றால் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவான், பாடத்தில் மனம் நிற்காது. நாம் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்துவிடுவோம்.

என்ஸ்கெடே பிள்ளைகளில் 52 பேரை, 4 வயதிலிருந்து 18 வயது வரை உள்ளவர்களை, உளவியலாளர்கள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு சிபிடி எனப்படும் சிந்தனை-நடத்தைச் சிகிச்சை. மீதிப் பேருக்கு இஎம்டிஆர் என்ற கண் அசைவுச் சிகிச்சை. ஒரு பிள்ளைக்கு அதிகபட்சம் 4 அமர்வுகள்தான். இரண்டு குழுவுமே நன்றாகத் தேறின. கண் அசைவுக் குழு இன்னும் குறைந்த அமர்வுகளிலேயே தேறிவிட்டது.

கண்ணை அசைத்தால் மனசு ஆறுமா? முதலில் கேட்டபோது எனக்கும் பயந்த பிள்ளைக்கு மந்திரித்துவிடுவதுதான் ஞாபகம் வந்தது. இதைத் தொடங்கியவர் ஃபிரான்சின் ஷாபிரோ என்ற அமெரிக்க உளவியலாளர். 1987இல் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, கண்கள் இங்கும் அங்கும் ஓடுகையில் தன்னை வாட்டிய எண்ணங்களின் வேகம் குறைவதைக் கவனித்ததாகச் சொன்னார். 1989இல் முதல் ஆய்வை வெளியிட்டார்.

அறைக்குள் நடப்பதைச் சொல்கிறேன். முதல் நாளே விரலை ஆட்டிக் கண்ணால் தொடரச் சொல்ல மாட்டார்கள். பிள்ளையைத் தெரிந்துகொள்ள வேண்டும், பயம் வந்தால் எப்படி அமைதியாவது என்று பழக்க வேண்டும். வேண்டாம் என்றால் கையைத் தூக்கு, உடனே நிறுத்திவிடுவேன் என்று ஒப்பந்தம் போட வேண்டும். அப்புறம்தான், “நடந்ததிலேயே ரொம்ப மோசமான காட்சி எது?” என்று கேட்பார்கள். அதை நினைத்தால் உன்னைப் பற்றி உனக்கு என்ன தோன்றுகிறது? பல பிள்ளைகளிடமிருந்து வருகிற பதில், “என் தப்புதான்.” பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு கஷ்டம்? உடம்பில் எங்கே தெரிகிறது?

அந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டே, சிகிச்சையாளரின் விரலைக் கண்ணால் தொடர வேண்டும். அரை நிமிடம் போல. நிறுத்தி, “இப்போ என்ன வருது?” என்று கேட்பார்கள். பிள்ளை ஒரு வரி சொல்லும். சில சமயம் தோளைக் குலுக்கும். சரி, அதோடு போகலாம் என்று மறுபடி விரல். மதிப்பெண் இறங்க இறங்க, “நான் தப்பிச்சுட்டேன், இப்ப பத்திரமா இருக்கேன்” என்ற நினைப்பை அதே காட்சியோடு சேர்த்து ஊன்றுவார்கள்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த ஒரு வரிதான். முழுக் கதையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளை நம் ஊரில் அதே கதையை அம்மாவிடம், போலீசிடம், டாக்டரிடம், மாஜிஸ்திரேட்டிடம் சொல்லியாக வேண்டியிருக்கிறது. சிகிச்சைக்கு வந்த இடத்திலும் “முதல்ல இருந்து சொல்லு” என்றால் அது என்ன செய்யும்?

மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு விரலைத் தொடர்வது கஷ்டம். உள்ளங்கைகளில் மாறி மாறித் தட்டுவார்கள். 1997 அக்டோபரில் பாலின் புயல் மெக்சிகோவின் அகாபுல்கோவைச் சீரழித்த பிறகு, லூசினா ஆர்டிகாஸ் என்ற சிகிச்சையாளர் பிள்ளைகளுக்கு ஒரு முறை கண்டுபிடித்தார். கைகளை நெஞ்சின் குறுக்கே போட்டு, இடதும் வலதுமாகத் தங்களையே தட்டிக்கொள்வது. பட்டாம்பூச்சி அணைப்பு என்று பெயர். நடந்ததைப் படமாக வரைந்துவிட்டுத் தட்டிக்கொள்வார்கள். ஒரே நேரத்தில் பல பிள்ளைகளுக்குச் செய்ய முடிந்தது.

ஏன் வேலை செய்கிறது என்பதில் சண்டை ஓயவில்லை. ஒரு விளக்கம்: மனதின் செயல் நினைவகத்துக்கு, அதாவது அந்த நேரத்துக்கு மட்டும் விஷயங்களைப் பிடித்து வைக்கும் இடத்துக்கு, கொள்ளளவு குறைவு. காட்சியையும் பிடித்துக்கொண்டு விரலையும் தொடரும்போது, காட்சி மங்கலாகி, மங்கலாகவே திரும்பச் சேமிப்பாகிறது. இன்னொரு பக்கம் ரிச்சர்ட் மெக்நாலி போன்ற உளவியலாளர்கள், இதில் பலன் தருவது காட்சியை நினைத்துப் பார்க்க வைக்கும் பழைய சரக்கு, புதிதாகச் சேர்த்த கண் அசைவு சும்மா என்றார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2001இல் வந்த ஒரு தொகுப்பாய்வு கண் அசைவால் தனிப் பலன் இல்லை என்றது. 2013இல் வந்த இன்னொன்று இருக்கிறது என்றது. ஆராய்ச்சியாளர்கள் அடித்துக்கொள்ளட்டும். பிள்ளை தூங்க ஆரம்பித்தால் எனக்குப் போதும். அதே 2013இல் உலக சுகாதார நிறுவனமும் பிள்ளைகள், வளரிளம் பருவத்தினர் ஆகியோரின் பிடிஎஸ்டிக்கு, அதாவது அதிர்ச்சிக்குப் பின் வரும் மன பாதிப்புக்கு, இதைப் பரிந்துரைத்தது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு கொஞ்சம் கறார்: பிள்ளைகளுக்கு முதலில் சிபிடி, அது சரிப்படாவிட்டால்தான் இது.

ஆனால் ஒரு விபத்து, ஒரு வெடிப்பு என்று ஒரே சம்பவத்தால் வந்த காயத்துக்குத்தான் நான்கைந்து அமர்வுக் கணக்கெல்லாம். வருஷக்கணக்கில் அடி வாங்கிய பிள்ளைக்கு மாதங்கள் ஆகலாம். அடிக்கிற ஆள் இன்னும் அதே வீட்டில் இருந்தால், விரலை ஆட்டுவதற்கு முன் பிள்ளையை அங்கிருந்து காப்பாற்ற வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஃபோன் செய்யுங்கள். யூடியூபில் ஒரு புள்ளி ஓடும் வீடியோவைப் போட்டுக் காட்டி வீட்டிலேயே முயற்சி செய்யாதீர்கள். காட்சியைக் கிளப்பிவிட்டு அடக்கத் தெரியாமல் நிற்பீர்கள்.

சிகிச்சையாளரிடம் போனால் கூச்சப்படாமல் கேளுங்கள்: இதில் முறையாகப் பயிற்சி எடுத்தீர்களா, பிள்ளைகளோடு வேலை செய்திருக்கிறீர்களா, என் பிள்ளை கையைத் தூக்கினால் என்ன செய்வீர்கள்? யாரிடம் போவது என்றே தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமனாஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம். இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.